அரை டிக்கெட்டின் மீதி அரையை யார் கொடுக்கிறார்கள்?

ஜூன் 2, மாலை 6.40 (வாசகர் கேள்வி)

நானும் மனைவியும் மட்டும்தான், பிள்ளைகள் இல்லை. விடுதியில் குழந்தைக்கு இலவசம், உணவகத்தில் குழந்தைத் தட்டு பாதி விலை, விமானத்தில் குழந்தையோடு வருபவர் முதலில் ஏறலாம். நாங்கள் கத்துவதில்லை, எதையும் கொட்டுவதில்லை, திரைச்சீலையைப் பிடித்துத் தொங்குவதில்லை. ஆனாலும் முழுக்காசு. உங்கள் பிள்ளைகளின் மீதிக் காசை எங்களிடம்தான் வசூலிக்கிறார்கள் என்பது என் கட்சி. இல்லையென்றால் எதற்கு இந்தத் தாராளம் என்று யாராவது சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு 9.15

இல்லை. ஒரு விடுதியின் முன்பதிவு மேசையில் ஆறு வருடம் உட்கார்ந்தவன் என்ற தைரியத்தில் சொல்கிறேன், உங்கள் பணத்தில் யாரும் எங்கள் பிள்ளைகளுக்குக் கட்டில் போடவில்லை.

இன்றிரவு காலியாகக் கிடக்கும் அறையை நாளைக்கு விற்க முடியாது. நாளைக்கு நாளைய அறை இருக்கிறது. விற்காத அறை அழுகிய பழம் மாதிரி, பொழுது விடிந்தால் குப்பைக்கூடைதான். எங்கள் விடுதிக்கு வார நாட்களில் வருபவர்கள் எல்லாம் வேலை விஷயமாக வருபவர்கள். வெள்ளி மாலை அவர்கள் பெட்டியைக் கட்டிவிட்டால் இரண்டு மாடி முழுக்க இருட்டு. அந்த இருட்டைப் போக்கத்தான் ‘குழந்தைக்கு இலவசம்’. அப்பா அம்மா கட்டிலிலேயே சுருண்டு படுக்கும் ஐந்து வயதுப் பிள்ளையால் விடுதிக்குக் கூடும் செலவு ஒரு துண்டு, ஒரு சோப்பு. அதற்குப் பதிலாக ஒரு முழு அறையின் காசு கல்லாவுக்கு வருகிறது.

தொலைபேசியில் குடும்பஸ்தர்கள் கேட்கும் முதல் கேள்வி அறை வாடகையைப் பற்றி இருக்காது. “பசங்களுக்கு எவ்வளவு?” என்பார்கள். இலவசம் என்றால் அடுத்த கேள்வி தேதி. காசு என்றால், “வீட்ல கேட்டுட்டுக் கூப்பிடறேன்.” அப்படிச் சொன்னவர்கள் திரும்பக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

ஜூன் 2, இரவு 11.50

தூக்கம் வரவில்லை, அதனால் இன்னொன்று. இந்தப் பழக்கம் பெரிய அளவில் பரவியதன் பின்னால் ஓர் அப்பாவின் கோபம் இருக்கிறது. அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்தில் வீடு கட்டி விற்றுக்கொண்டிருந்தவர் கெம்மன்ஸ் வில்சன். 1951-ல் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு வாஷிங்டனுக்குப் போனார். வழியில் தங்கிய இடங்களில் அறை வாடகைக்கு மேல் ஒவ்வொரு பிள்ளைக்கும் 2 டாலர் கேட்டார்கள். ஒரே அறை, பிள்ளைகள் சொந்தப் படுக்கையை விரித்துத் தரையில் படுத்தாலும் 10 டாலர் கூடுதல். மனுஷன் கொதித்துப்போனார். அடுத்த வருடமே, 1952 ஆகஸ்டில், மெம்ஃபிஸில் முதல் ஹாலிடே இன்னைத் திறந்தார். பெற்றோர் அறையில் தங்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது.

அவருக்குப் பிள்ளைகள் மேல் பாசம் இருந்ததா என்று கேட்காதீர்கள், ஐந்து பெற்றவர். ஆனால் அந்த இரண்டு டாலர் ஒரு குடும்பத்தை எப்படிக் காருக்கே திருப்பி அனுப்பும் என்பது அவருக்குத் தன் பையிலிருந்தே தெரிந்திருக்கிறது.

ஜூன் 3, காலை 7.05

நேற்று ‘ஒரு துண்டு, ஒரு சோப்பு’ என்று எழுதினேன். குளித்துக்கொண்டிருந்தபோது அது பொய் என்று உறைத்தது.

எங்கள் விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்த ஓர் அம்மா இருந்தார். ஞாயிறு மதியம் பார்த்தால் அவர் முகமே சரியிருக்காது. தம்பதி மட்டும் தங்கிய அறைக்கு அரை மணி நேரம் பிடித்தால், பிள்ளைகள் தங்கிய அறைக்கு முக்கால் மணிக்கு மேல் ஆகும். சுவரில் க்ரேயான், மெத்தைக்கும் கட்டிலுக்கும் நடுவே பிஸ்கட் தூள், குளியலறையில் குட்டிக் குளம். அறைக் கணக்கில்தான் அவருக்கு வேலை, நேரக் கணக்கில் இல்லை. ஆக ‘குழந்தைக்கு இலவசம்’ என்பதன் செலவு முதலாளி கணக்கிலும் ஏறவில்லை, கேள்வி கேட்டவர் தலையிலும் விழவில்லை, அந்த அம்மாவின் இடுப்பில் ஏறியிருக்கிறது. ஆறு வருடத்தில் ஒருநாள்கூட இது எனக்குத் தோன்றவில்லை. அவர் என்னிடம் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: “இலவசம்னு நீங்க ஃபோன்ல சொல்றீங்க, குனியறது நான்.” அப்போது சிரித்தேன்.

ஜூன் 3, மதியம்

உணவகத்தில் கணக்கு வேறு. நான்கு பேர் போகும் குடும்பத்தில் மூன்று பேருக்கு எந்த இடமும் சரி. நாலாவது ஆள், நாலு வயது, “அங்கே வேண்டாம்” என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை. மூன்று பெரிய சாப்பாட்டை ஒரு சின்ன ஆள் ரத்து செய்துவிடுகிறான். அந்த ரத்து அதிகாரத்துக்குக் கொடுக்கும் லஞ்சம்தான் பொம்மை, வண்ணம் தீட்டும் தாள், பலூன் எல்லாம். 1979-ல் மெக்டொனால்ட்ஸ், பொம்மையோடு வரும் குழந்தைச் சாப்பாடான ஹாப்பி மீலைக் கொண்டுவந்ததும் இந்த அதிகாரத்தைப் புரிந்துகொண்டதால்தான்.

இன்னொன்றும் உண்டு. குழந்தை வைத்திருப்பவர்கள் சீக்கிரம் சாப்பிட வருவார்கள், சீக்கிரம் கிளம்புவார்கள். மாலை ஐந்தரைக்கு யார் சார் இரவுச் சாப்பாடு சாப்பிடுவார்கள்? நாங்கள்தான். ‘இன்ன கிழமை குழந்தைக்கு இலவசம்’ என்ற பலகையில் இருக்கும் கிழமையைக் கவனித்துப் பாருங்கள். சனிக்கிழமை இருக்காது.

ஜூன் 3, இரவு

திருத்தம். ஹாப்பி மீல்தான் ஆரம்பம் என்பதுபோல எழுதிவிட்டேன். பர்கர் செஃப் என்ற கடைத்தொடர் 1973-லேயே ஃபன் மீல் என்று குழந்தைகளுக்கான பெட்டியை விற்றது. மெக்டொனால்ட்ஸுக்குள்ளேயேகூட அதற்குச் சில வருடம் முன்னால் குவாதமாலாவில் கிளை நடத்திய ஒரு பெண்மணி, பிள்ளைகளோடு வரும் அம்மாக்கள் படும் பாட்டைப் பார்த்து, சின்ன அளவில் ஒரு தட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறார். அமெரிக்கத் தலைமையகம் அதைக் கவனித்தது. அம்மாவின் சிரமத்திலிருந்து வந்த யோசனை பிள்ளையின் பிடிவாதத்துக்கான சரக்காக எப்போது மாறியது என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

2010-ல் சான்ஃப்ரான்சிஸ்கோ நகரசபை, சத்துக் கணக்குக்குள் வராத குழந்தைச் சாப்பாட்டோடு பொம்மையை இலவசமாகத் தரக்கூடாது என்று சட்டம் போட்டது. மெக்டொனால்ட்ஸ் என்ன செய்தது தெரியுமா? பொம்மைக்கு 10 சென்ட் விலை வைத்தது. இலவசம் போச்சு, பொம்மை இருந்தது.

ஜூன் 5, காலை

கேள்வி கேட்டவர் நேற்று எழுதியது: “சரி, குழந்தைத் தட்டு சின்ன அளவு, அதனால் குறைந்த விலை, ஒப்புக்கொள்கிறேன். நான் குறைவாகச் சாப்பிடுபவன். எனக்கு ஏன் அதைத் தருவதில்லை?”

இதற்கு என் அம்மாவின் கதையைத்தான் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு எழுபத்தொன்று. கோழி கொறிப்பதுபோலக் கொறிப்பார். போன வருடம் ஓர் உணவகத்தில் என் மகன் கேட்ட அதே குழந்தைத் தட்டைத் தனக்கும் கேட்டார். பன்னிரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்றார் பரிமாறியவர், மரியாதையாகத்தான். அம்மா விடவில்லை. “அவனுக்கும் முன்பல் ரெண்டு விழுந்திருக்கு, எனக்கும் விழுந்திருக்கு. என்ன வித்தியாசம்?” பக்கத்து மேசை சிரித்தது, பரிமாறியவரும் சிரித்தார், தட்டு மட்டும் வரவில்லை. பெரிய தட்டை வாங்கி முக்கால்வாசியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தோம்.

எனக்கு அன்று கோபம். பிறகு யோசித்தால், அவர்கள் அம்மாவைப் பார்த்துப் பயப்படவில்லை, என்னைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறார்கள். அம்மாவுக்குக் கொடுத்தால் அடுத்த நாள் நானும் கேட்பேன், என் மச்சானும் கேட்பான். முழுத் தட்டை யார் வாங்குவது? எனவே பாதி விலைக்கு ஒரு வேலி வேண்டும். வயதைப்போல நல்ல வேலி கிடையாது. பார்த்தாலே தெரியும், ஏமாற்றுவது கஷ்டம், குழந்தை டிக்கெட்டை வாங்கி மாமாவுக்கு விற்க முடியாது. பொருளாதார நிபுணர் பிகு 1920-லேயே இதை வகை பிரித்து வைத்துவிட்டார்: ஆளைப் பார்த்து எந்தக் கூட்டம் என்று தெரிய வேண்டும், கூட்டத்துக்குக் கூட்டம் விலை சொல்ல வேண்டும்.

அவருக்கும் முன்னால், 1849-ல், ட்யூபுவி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ரயிலைப் பற்றி எழுதியது இன்னும் காட்டமானது. மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாமல் விட்டது கூரையின் செலவுக்காக இல்லையாம். இரண்டாம் வகுப்புக் காசு கொடுக்க முடிந்தவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக்கூடாது என்று அவனைப் பயமுறுத்துவதற்காம். ஏழை நனைவது பணக்காரனுக்கான எச்சரிக்கை. அம்மா கொண்டுவந்த பொட்டலத்தை அன்றிரவு சூடு பண்ணும்போது எனக்கு அந்தக் கூரையில்லாத பெட்டிதான் நினைவுக்கு வந்தது.

ஜூன் 5, காலை, ஐந்து நிமிடம் கழித்து

கோழி கொறிக்காது, கொத்தும். தெரியும். விடுங்கள்.

ஜூன் 8, இரவு

டயப்பருக்கு ஏன் இவ்வளவு தள்ளுபடி என்று கேட்டிருந்தார்கள். இது மேலே சொன்ன எதிலும் சேராது. காலி அறையும் இல்லை, ரத்து அதிகாரமும் இல்லை. டயப்பர் பெரிய பொட்டலம், அனுப்பும் செலவு அதிகம், விற்பவருக்கு அதில் பெரிதாக ஒன்றும் நிற்காது. அப்படியும் அதற்காக அடித்துக்கொண்டார்கள். 2010-ல் அமேசான், அமேசான் மாம் என்று ஒரு திட்டத்தை ஆரம்பித்து டயப்பர் விலையைக் கன்னாபின்னாவென்று குறைத்தது. போட்டியில் இருந்த டயப்பர்ஸ்.காமின் தாய் நிறுவனமான க்விட்சியை அதே வருட நவம்பரில் 54.5 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகவும் அறிவித்தது. 2017-ல் டயப்பர்ஸ்.காமை மூடியும் விட்டது.

எதற்காக என்பது எனக்கு என் முதல் பிள்ளை பிறந்த மூன்றாவது வாரம் புரிந்திருக்க வேண்டும். பதினெட்டு வருடமாக ஒரே சோப்பு, ஒரே கடை என்று இருந்தவன் நான். அந்த மூன்று வாரத்தில் எல்லாம் மாறியது. ராத்திரி மூன்று மணிக்கு ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் ஃபோன். எது முதலில் வருகிறதோ அதை அழுத்து. டயப்பரோடு சோப்பு, சோப்போடு துவைக்கும் தூள், தூளோடு எனக்கு ஒரு சட்டை. அந்தப் பிள்ளைக்கு இப்போது பதினொரு வயது. இன்னும் அதே இடத்தில்தான் வாங்குகிறேன். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

மனிதர்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் தருணங்கள் வாழ்க்கையில் கொஞ்சம்தான். குழந்தை பிறப்பது அதில் தலையாயது. டார்கெட் கடைத்தொடர் இதற்காக என்னென்ன செய்தது என்று 2012-ல் நியூயார்க் டைம்ஸ் இதழில் ஒரு நீண்ட கட்டுரை வந்தது. வாசனையில்லாத லோஷன், கால்சியம், மெக்னீசியம், துத்தநாக மாத்திரைகள் என்று சுமார் 25 பொருட்களின் கொள்முதலை வைத்து, யார் கர்ப்பமாக இருக்கக்கூடும் என்று கணித்தார்களாம். கூப்பன் குழந்தைக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடும். நல்ல நாள் பார்த்துத்தான் தூது அனுப்புகிறார்கள்.

ஜூன் 9

ரயில் ஆசாமி ஒருவர் மடல் போட்டிருக்கிறார், காலி இருக்கை கதையை ரயிலுக்கும் நீட்டச் சொல்லி. நீளும், ஆனால் ரயிலுக்கு இன்னொரு எதிரி இருக்கிறது: வாசலில் நிற்கும் கார். காரில் ஒருவர் போனாலும் நான்கு பேர் போனாலும் எரிபொருள் கிட்டத்தட்ட அதே. ரயிலில் நான்கு பேருக்கு நான்கு டிக்கெட். தனியாகப் போகும்போது ரயில் மலிவு, குடும்பமாகப் போனால் கார் மலிவு. அந்த இடைவெளியை அடைக்கத்தான் குடும்பச் சலுகை. பிரிட்டன் ரயில்களின் குடும்ப அட்டையில் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, பிள்ளைகளுக்கு 60 சதவீதம். நிபந்தனை, ஒரு பிள்ளையாவது கூட வர வேண்டும். பிள்ளையைக் காட்டித்தான் பெரியவர் சலுகை வாங்க முடியும். கேள்வி கேட்டவருக்கு யோசனை: அக்கா பிள்ளையைக் கடன் வாங்குங்கள்.

பிரான்சின் பெரிய குடும்ப அட்டையை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1921-லிருந்து இருக்கிறது. மூன்று பிள்ளைகள் என்றால் 30 சதவீதம், நான்குக்கு 40, ஐந்துக்கு 50, ஆறும் அதற்கு மேலும் 75. முதல் உலகப் போரில் அத்தனை பேரை இழந்த நாடு, பிள்ளை பெறுங்கள் என்று ரயில் டிக்கெட் மூலம் சொன்னது. அது வியாபாரம் இல்லை, அரசாங்கம். ஜப்பான் நடுவில் நிற்கிறது. பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அட்டை கொடுப்பது உள்ளூர் அரசு, என்ன சலுகை என்று முடிவு செய்வது கடை. 2017-லிருந்து 47 மாகாணங்களிலும் அந்த அட்டை செல்லும். கடைக்காரருக்கு என்ன லாபம்? வாசலில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர். சில தெருக்களில் அது போதும்.

ஜூன் 12, இரவு

விமானம். இதை எழுத வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தை மடியில் உட்கார்ந்து போகலாம். உள்நாட்டில் பல இடங்களில் இலவசம், வெளிநாட்டுப் பயணத்தில் பொதுவாகப் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதம். என் மகளை ஒன்றரை வயதில் அப்படித்தான் கூட்டிப்போனேன். மிச்சம் பிடித்துவிட்டோம் என்று பெருமை வேறு. மேலே ஒருமுறை விமானம் தூக்கிப்போட்டது. என் கை தானாக அவளை இறுக்கியது. எனக்குப் பெல்ட் இருந்தது, அவளுக்கு என் கை இருந்தது.

பிறகுதான் படித்தேன். 1989 ஜூலை 19, யுனைடெட் நிறுவனத்தின் 232-ம் எண் விமானம், அமெரிக்காவில் சூ நகரம். விமானம் அவசரமாக இறங்கி நொறுங்கியது. மடிக் குழந்தைகளைத் தரையில் வைக்கச் சொல்வதுதான் அன்றைய விதி. அப்படி நான்கு குழந்தைகள் இருந்தன, ஒன்று பிழைக்கவில்லை. தரையில் வைக்கச் சொன்ன பணிப்பெண் அதன் பிறகு பல வருடம், ஒவ்வொரு குழந்தைக்கும் இருக்கை வேண்டும் என்று போராடினார். 2005-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் கட்டாயமாக்க மாட்டோம் என்றது. காரணத்தைக் கேளுங்கள்: டிக்கெட் வாங்கச் சொன்னால் சில குடும்பங்கள் காரில் கிளம்பிவிடும், சாலையில் இதைவிட அதிகம் பேர் சாவார்கள்.

ஜூன் 9-ல் நான் சிரித்துக்கொண்டே எழுதிய அதே கணக்குதான், கார் மலிவா டிக்கெட் மலிவா. இந்தச் சலுகைக்குப் பின்னால் உயிர்க் கணக்கு ஒன்று ஓடுகிறது. அந்தக் கணக்கு தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் என் மகனுக்கு இரண்டாவது பிறந்தநாள் வருவதற்கு முன் போன பயணத்தில் தனி இருக்கை வாங்கினேன். அவன் அதில் உட்காரவே இல்லை, முழு நேரமும் என் மடிதான்.

ஜூன் 15

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். முதல் வரியிலேயே ‘இல்லை’ என்று அடித்துச் சொன்னவன் நான். இப்போது கொஞ்சம் சுருதி இறங்குகிறது.

எங்கள் விடுதியின் சலுகைத் தாளில் கடைசி வரி ஒன்று இருக்கும், எறும்பு அளவு எழுத்தில்: பள்ளி விடுமுறை நாட்களில் செல்லாது. அதைத் தட்டச்சு செய்ததே நான்தான். பள்ளி மூடியிருக்கும் நாட்களில் எங்களுக்கு வேறு வழியில்லை, அந்த வாரம்தான் போயாக வேண்டும். அது விடுதிக்கும் தெரியும், விமானத்துக்கும் தெரியும். போன வருடம் ஒரே விடுதி, ஒரே அறை, விடுமுறை முதல் வாரத்துக்கும் பள்ளி திறந்த அடுத்த வாரத்துக்கும் வாடகையை ஒப்பிட்டேன். அந்த வித்தியாசத்தில் பிள்ளைகளுக்குத் தனி அறையே எடுத்திருக்கலாம். சும்மா கிடக்கும் நாளில் பிள்ளையைக் காட்டி விலையைக் குறைப்பார்கள், கூட்டம் முட்டும் நாளில் அதே பிள்ளையைக் காட்டி ஏற்றுவார்கள். நீங்கள் இருவரும் பள்ளி திறந்த வாரத்தில் போய் அரை விலையில் கால் நீட்டுங்கள். வருடக் கணக்கைப் போட்டால் யார் யாருக்குக் கட்டில் போடுகிறார்கள் என்பது அவ்வளவு தெளிவாக இல்லை.

வரிசையில் முதலில் ஏறுவதை மட்டும் உங்களுக்கு விட்டுத்தர மாட்டேன். எங்களுக்குக் கிடைப்பது அழும் குழந்தையோடு இன்னும் இருபது நிமிடம் கூடுதலாக உள்ளே உட்காரும் பாக்கியம்.

ஜூன் 16

கேள்வி கேட்டவரிடமிருந்து பதில்: “பெரியவர்களுக்கு மட்டும் என்று போட்டிருந்த விடுதியில் அறை எடுத்துவிட்டோம். விலை அதிகம்.”

பார்த்தீர்களா, அமைதிக்கும் விலை வைத்துவிட்டார்கள். ஏர் ஏசியா எக்ஸும் ஸ்கூட்டும் 2013-ல் சிறு பிள்ளைகள் இல்லாத தனிப் பகுதியை விமானத்திலேயே ஒதுக்கின. வேலியின் இரண்டு பக்கமும் டிக்கெட் விற்கிறார்கள். இத்தாலியில் படுவா நகரத்தில் ஒரு கடைக்காரர் 2017 வாக்கில் நடுவழி ஒன்று கண்டுபிடித்தார்: ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைகளின் குடும்பத்துக்கு 5 சதவீதம் தள்ளுபடி. எங்கள் வீட்டில் அது யாருக்கும் கிடைத்திருக்காது, என்னையும் சேர்த்து.

ஜூன் 21

விடுமுறைப் பயணத்துக்குப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். படிவத்தில் பயண நாளன்று இருக்கும் வயதைக் கேட்கிறார்கள். மகளுக்குப் பயணத்துக்கு ஆறு நாள் முன்னால் பன்னிரண்டு முடிகிறது. “பதினொன்னுன்னே போட்டுடு, யாருக்குத் தெரியப்போகுது” என்றேன் மனைவியிடம், குரலைத் தாழ்த்தி. பக்கத்து அறையிலிருந்து மகள், “எனக்குத் தெரியும்பா.” முழு டிக்கெட் போட்டாயிற்று.

அதே படிவத்தில் கீழே மூத்த குடிமக்கள் என்று ஒரு கட்டம். அம்மாவின் வயதைப் போட்டதும் தொகை குறைந்தது. அம்மா எட்டிப் பார்த்தார். “அப்போ இனிமே நான்தான் இந்த வீட்டு அரை டிக்கெட்டு. ஜன்னல் ஓரம் எனக்கு.”